பகுதி எங்கே முடிகிறது

தார்த்துவில் நவம்பர் என்பது
நாலு மணிக்கே அணைந்துவிடும் விளக்கு.
அப்படியொரு மாலையில்தான்
தாவெத் ரௌத்கிவி என் அறைக்கு வந்தான்.
மேலங்கியில் பாதிப் பனி, பாதி மழை,
மடக்கிய வெள்ளைக்கோல் கக்கத்தில்.
"நிகழ்தகவுப் பாடத்தை வலையில் ஏற்றியது நீங்கள்தானே?"

நான்தான்.
பதினோரு வருஷத்துப் பழைய நூல்,
ஒரே கோடையில் முடித்தேன்.
சமன்பாடுகளைக் கத்தரித்துக் கத்தரித்துப்
படம் படமாக ஒட்டினேன்,
கண்ணை மூடிக்கொண்டு.

"திரையை அணையுங்கள்" என்றான்.
தன் காதிலிருந்து ஒன்றைக் கழற்றி
என் காதில் செருகினான்.
என் பக்கம் எனக்கே வாசிக்கப்பட்டது:

எனவே படம்.
இதில் படம் என்பது படத்தைவிடச் சிறியதானால்
படம்.
நிரூபிக்கப்பட்டது.

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

தேர்வில் மட்டும் யாரோ இரக்கப்பட்டு
எழுத்தில் தட்டிக் கொடுத்திருந்தார்கள்.
ஒன்று வகுத்தல் எக்ஸ் கூட்டல் ஒன்று.
எக்ஸோடு நின்றதா வகுத்தல்,
இல்லை கூட்டலையும் ஒன்றையும் சேர்த்துக்
கீழே இழுத்துக்கொண்டதா?
கண்ணுக்கு ஒரு கிடைக்கோடு சொல்லிவிடும்.
குரலுக்குக் கோடு ஏது?
அவன் கூட்டலை வெளியே நிறுத்தினான்.
நான்கு பக்கம், ஒரு பிசகில்லை,
யாரும் கேட்காத கணக்குக்குச் சரியான விடை.
பூஜ்யம் போட்டவர் நல்ல மனிதர்தான்.
விதியைக் காட்டினார்.

"அனுதாபமெல்லாம் வேண்டாம்.
பகுதி எங்கே முடிகிறது,
அதை மட்டும் சொல்லுங்கள்."

ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
எண்ணியிருக்கவே வேண்டாம்.
ஒவ்வொரு படத்தையும் கிழித்தெடுத்து
உள்ளிருந்ததை எழுதினேன்:
பின்னம் தொடக்கம், தொகுதி,
பகுதி, பின்னம் முடிவு.
எக்ஸ் இரண்டு அல்ல, எக்ஸின் வர்க்கம்.
வரிக்குள் கழித்தல் என்று நான் போட்டுவைத்தது
வெறும் இணைப்புக்கோடு;
குரல் அதை மிதிக்காமல் தாண்டிவிடும்,
கடன் வரவாகிவிடும்.

எதிர்மேசையிலிருந்து எனெலி கேட்டாள்:
"இத்தனையும் ஒருத்தனுக்காகவா?"
காதில் விழாத மாதிரி இருந்தேன்.
உண்மையில் பதில் தெரியவில்லை;
ஒரு சிக்மாவின் கீழ்எல்லையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எமயோகி ஆறு உறைந்தது.
வீடு திரும்பும்போது வாய் தானாக முணுமுணுத்தது:
பாலம் தொடக்கம்.
நான், கூட்டல் காற்று.
பாலம் முடிவு.

அறுநூற்று நாற்பதில் குரல் திணறியது.
அடைப்பு தொடக்கம் என்றது,
போனது, போய்க்கொண்டே இருந்தது,
முடிவு வரவேயில்லை.
என் கைப்பிழை என்று மூன்று முறை பார்த்தேன்.
பிறகு அச்சு நூலை எடுத்தேன்.
அங்கேயும் திறந்தே கிடந்தது அடைப்பு,
பதினோரு வருஷமாக.
எத்தனை மாணவர்கள், எத்தனை ஆசிரியர்கள்,
பார்த்தவர்கள் எல்லாரும்
மனத்துக்குள் அதை மூடிவிட்டுக் கடந்திருக்கிறார்கள்.
கண் தாராளமானது,
இல்லாததையும் பார்த்துவிடும்.

மார்ச்சில் தாவெத் வந்தான்.
பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.
அதே பாடத்துக்கு மறுபடி பதிந்திருந்தான்.
விரல்கள் பிரெய்ல் பட்டையில்,
குரலோ எனக்குப் பிடிபடாத வேகத்தில்,
தகரத்தில் ஆலங்கட்டி விழுவதுபோல.
ஓரிடத்தில் நிறுத்தினான்.
பின்னால் போனான். மறுபடி கேட்டான்.
ஏதோ நல்ல வார்த்தை சொல்லப்போகிறான் என்று
நான் நாற்காலியில் நிமிர்ந்தேன்.

"எண்பத்தெட்டாம் பக்கம்.
வர்க்கமூலத்தைச் சீக்கிரம் மூடிவிட்டீர்கள்.
இரண்டு உள்ளே இருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் அடுத்த வரி வராது."

பார்த்தேன்.
வெளியில்தான் நின்றிருந்தது இரண்டு,
தாழிட்ட வீட்டு வாசலில்.
திறந்து உள்ளே விட்டேன்.

சரிதானா என்று நான் கேட்பதற்குள்
அவன் தொண்ணூறாம் பக்கத்தில் இருந்தான்.